கூடலூரிலிருந்து கடலூருக்கு வந்த 'இரண்டு தலைப் பாம்பு'

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஓர் இரவில், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் தங்கை மகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வாளிக்குள் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் எதுவோ சுருண்டு கிடந்தது. ஊதா கலந்த பழுப்பு நிறம். பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் ஒரு மஞ்சள் பட்டை. எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு. அதன்கீழே, "கடலூரில் பிடிபட்ட இரண்டு தலைப் பாம்பு. கடித்தால் மருந்தே கிடையாது. எல்லோருக்கும் அனுப்பவும்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். "மாமா, இது உங்கள் ஊரில்தானே? மழைக்கு வீட்டுக்குள் வந்துவிடுமா?" என்று அவன் கேட்டிருந்தான்.

படத்தில் இருந்தது பாம்பு இல்லை. அதற்குத் தலை ஒன்றுதான். மருந்து தேடி ஓட வைக்கும் கடியும் அதனிடம் கிடையாது. இதையெல்லாம் உடனே எழுதிவிடலாம். என்னை உறுத்தியது 'கடலூர்' என்ற சொல். அந்தப் பிராணி கடலூர் மண்ணில் பிழைக்க வழியே இல்லை. செய்தி கைமாறி வந்த பாதையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போனதில், முதலில் அனுப்பியவர் எழுதியது 'கூடலூர்' என்று தெரியவந்தது. முதுமலையைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டியிருக்கும் நீலகிரிக் கூடலூர். நடுவில் யாரோ ஒருவர் கையில் நெடில் தேய்ந்து, மலையூர் கடற்கரையூர் ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எங்கள் ஊருக்கும் பழைய பெயர் கூடலூர்தான். கெடிலமும் பெண்ணையும் பரவனாறும் உப்பனாறும் கடலை நெருங்கிக் கூடுகிற இடம் என்பதால் வந்த பெயர் என்பார்கள்.

அந்தக் கூடலூரில் வாழக்கூடியது இந்தக் கூடலூரில் ஏன் வாழாது என்று தங்கை மகனுக்கு விளக்க உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது.

உயிரியலில் இதன் பெயர் சிசிலியன். காலில்லாத, மண்ணுக்குள் வாழும் இருவாழ்வி. இருவாழ்விகளில் தவளையும் தேரையும் ஒரு கிளை, வாலுள்ள சாலமாண்டர்கள் இன்னொரு கிளை, மூன்றாவது கிளை இது. தவளை இனங்கள் உலகில் ஏழாயிரத்தைத் தாண்டும். சிசிலியன்கள் 220 சொச்சம்தான். இந்தியாவில் சுமார் 40. அவற்றில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் அடிவாரத்திலும், மற்றவை பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களிலும் உள்ளன. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுத்தவர்களுக்கு 'இக்தியோஃபிஸ்' என்ற சொல் தேர்வுக்கு முந்தைய இரவோடு சேர்ந்து நினைவிருக்கலாம். கிரேக்கத்தில் மீன்-பாம்பு என்று பொருள். அது மீனுமில்லை, பாம்புமில்லை. வாளியில் கிடந்தது அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பட்டையுள்ள இனங்கள் அதில் பல இருப்பதால் படத்தை மட்டும் வைத்து எது என்று அறுதியிட முடியாது. ஆனால் அவற்றில் ஒன்றான இக்தியோஃபிஸ் பெடோமி, 1880இல் நீலகிரி மாதிரியை வைத்தே அறிவியலுக்கு அறிமுகமானது. பெயருக்கு உரிய பெடோம், சென்னை மாகாண வனத்துறையில் இருந்துகொண்டு பாம்பு, தவளை, செடி என்று கண்டதையெல்லாம் சேகரித்த அதிகாரி.

பாம்பு என்று நினைத்துவிட்டேனே என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 1758இல் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டி வரிசைப்படுத்தியபோது இதைப் பாம்புகளோடுதான் சேர்த்தார். அவர் வைத்த 'சீசிலியா' என்ற பெயரின் வேர், குருடு என்று பொருள்படும் லத்தீன் சொல். மலையாளத்திலும் இதைக் குருடி என்றுதான் சொல்கிறார்கள். கண்ணை வைத்தே பெயரிட வேண்டும் என்று இரண்டு மொழிகளுக்கும் தோன்றியிருக்கிறது. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. இந்தப் பிராணியிடம் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டு, அதன் வாழ்வையே தாங்குகிற ஒன்றை விட்டுவிட்டார்கள். அது தோல்.

கண்ணும் அறவே இல்லாமல் போய்விடவில்லை. தோலுக்கு அடியில், சில இனங்களில் மண்டையெலும்புக்கே அடியில், ஒரு புள்ளியாக ஒதுங்கியிருக்கிறது. வெளிச்சமா, இருட்டா என்று தெரிந்துகொள்ள அது போதும். மண்ணுக்குள் வழிகாட்டுவது வேறொரு உறுப்பு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே ஒரு சிறு குழி. அதிலிருந்து குட்டையான உணர்நீட்சி ஒன்று வெளியே எட்டிப் பார்த்து உள்ளே போகும். சுற்றியுள்ள மண்ணின் வாசனையைத் தொட்டெடுத்து மூக்கின் உள்ளறைக்குக் கொண்டுசெல்வது இதன் வேலை. முதுகெலும்புள்ள பிராணிகளில் இது சிசிலியனுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. கண்ணை இழுத்து அசைக்க வேண்டிய தசை இங்கே நீட்சியை இழுக்கப் போய்விட்டது. கண்ணை ஈரமாக வைத்திருக்க வேண்டிய சுரப்பி நீட்சியை நனைக்கிறது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றவனின் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்ட வீடு மாதிரி. ஆப்பிரிக்காவின் ஸ்கோலிகோமார்ஃபஸ் பேரினத்தில் கதை இன்னும் விசித்திரம்: கண் அந்த நீட்சியிலேயே ஒட்டியிருப்பதால், நீட்சி நீளும்போது கண்ணும் மண்டையை விட்டு வெளியே வந்து போகிறது.

இரண்டு தலை என்ற பேச்சு வந்ததற்குக் காரணம் எளிது. வால் என்பது இதற்குப் பெரும்பாலும் கிடையாது, இருந்தாலும் பெயரளவுக்குத்தான். உடல் முழுவதும் மண்புழுவைப்போல வளையம் வளையமாக இருக்கும். இரண்டு முனையும் மழுங்கல். அவசரத்தில் பார்ப்பவருக்கு முன் எது, பின் எது என்று பிடிபடாது.

இது நகரும் விதம் பாம்பினுடையது மாதிரி இல்லை. பாவாடைக்கு நாடா கோப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணி மடிப்புக்குள் ஊக்கை முன்னே தள்ளி, பிறகு துணியை அதன்மேல் இழுத்துவிட்டு, மறுபடி ஊக்கைத் தள்ளுவார்கள். சிசிலியனுக்கு முதுகெலும்புதான் ஊக்கு, உடற்சுவர்தான் துணி. உடற்சுவரின் தசைகள் இறுகி உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தத்தை ஏற்ற, தோலுக்குள்ளேயே வளைந்திருந்த முதுகெலும்பு நிமிர்ந்து மண்டையை மண்ணுக்குள் செலுத்துகிறது. பிறகு உடல் பின்தொடர்கிறது. 1997இல் இந்த நகர்வை அளந்து விவரித்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. மற்ற இருவாழ்விகளின் மண்டையில் இடைவெளிகள் மிகுதி. இதன் மண்டையோ கொத்துக்கரண்டி போலக் கெட்டி. மண்புழு, கறையான், எறும்பு ஆகியவற்றைப் பிடித்ததும், உடலை நீளவாக்கில் உருட்டித் திருகி இரையைத் துண்டாக்கும் பழக்கமும் உண்டு. கை இல்லாதவன் கரும்பைப் பல்லால் பிடித்துத் திருகுவதாக எண்ணிக்கொள்ளலாம்.

இனி தோல்.

தவளையைப் போலவே சிசிலியனும் தோலால் மூச்சு விடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் தோலின் ஈரத்தில் கரைந்து இரத்தத்துக்குப் போக வேண்டும். தோல் உலர்ந்தால் மூச்சு முட்டும். நுரையீரல் உண்டு, ஆனால் பெரும்பாலான இனங்களில் இடது நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது. தென் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் வளரும் அட்ரெட்டோகோவானா என்ற நீர்வாழ் சிசிலியனுக்கு நுரையீரலே இல்லை. நெடுங்காலம் அருங்காட்சியகப் புட்டியில் மட்டுமே அறியப்பட்டிருந்த அது, 2011இல் பிரேசிலின் மதெய்ரா ஆற்றில் அணை வேலை நடந்தபோது உயிரோடு கிடைத்தது.

காற்று நுழையும் அதே வாசல் வழியாகத்தான் நீரும் வெளியேறும். இதில்தான் எங்கள் ஊர் தோற்றுப்போகிறது. கடலூரில் மழை குறைவில்லை. ஆனால் அது அவசரக்கார மழை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிக் கெடிலத்தைக் கரைபுரள வைத்துவிட்டுப் போய்விடும். சித்திரையில் அதே ஆற்று மணலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். கத்திரி வெயிலில் ஏரிப் படுகை பாளம் பாளமாக வெடிக்கும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண்ணை அந்த மாதங்களில் கையில் அள்ளினால் மாவாக உதிரும். அப்படிப்பட்ட மண் தன்மேல் படும் எந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மலைக் கூடலூரில் மழை ஒரே மூச்சில் முடிந்துவிடுவதில்லை. தென்மேற்குப் பருவம் மாதக்கணக்கில் நனைக்கும். உதிர்ந்த இலை மக்கிப் பஞ்சுபோலக் கிடக்கும். கோடையில் மேல்மண் காய்ந்தாலும், இரண்டடி கீழே இறங்கினால் ஈரம் இருக்கும். சிசிலியனும் இறங்கிவிடும். தவிர, இக்தியோஃபிஸின் குஞ்சுகள் பொரிந்ததும் ஓடை நீருக்குள் நெளிந்து போய் வளர வேண்டியவை. மாசி, பங்குனியிலும் வற்றாத ஓடை வேண்டுமென்றால் அது எங்கள் பக்கத்தில் கேட்கக்கூடாத கேள்வி.

உப்பு வேறு இருக்கிறது. மாங்காய்க் கீற்றில் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் தட்டில் நீர் விட்டிருக்கும். இருவாழ்வியின் தோலுக்கும் உப்புமண்ணும் கடல்நீரும் அதையே செய்யும். அதனால்தான் தீவுகளில் சிசிலியன் இருந்தால் ஆய்வாளர்கள் உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் செஷல்ஸ் தீவுகளில் சிசிலியன்கள் உண்டு. அவற்றுக்கு மிக நெருங்கிய உறவு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேகெனியோஃபிஸ் முதலிய சிசிலியன் பேரினங்கள். கடலை அவை நீந்திக் கடக்கவில்லை. செஷல்ஸும் இந்தியாவும் ஒட்டியிருந்த நிலம் சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிளந்தபோது, ஒரு பங்காளிக் குடும்பம் அங்கேயும் மற்றது இங்கேயும் தங்கிவிட்டது. கச்சிதமான விளக்கம். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் சாவோ டோமே என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. அது எந்தக் கண்டத்தோடும் எக்காலத்திலும் ஒட்டியிருந்ததில்லை. அங்கேயும் மஞ்சள் குளித்தாற்போல ஒரு சிசிலியன் வாழ்கிறது. ஆற்று வெள்ளம் வேரோடு பெயர்த்துக் கடலில் தள்ளிய செடிமண்டலில் தொற்றிக்கொண்டு அதன் மூதாதை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். உப்பு நீர் படாமல் ஒரு மண்கட்டிக்குள் அத்தனை தூரம்!

மலை இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஈர மலை வேண்டும். ஒடிசா, ஆந்திரப் பகுதிக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் உயரமான இடங்களிலிருந்து ஒரு கேகெனியோஃபிஸ் இனம் 2013இல்தான் விவரிக்கப்பட்டது. மேற்கே இருக்கும் தன் கூட்டத்தை விட்டு அவ்வளவு தொலைவில், நடுவே அகன்ற வறண்ட சமவெளியோடு, அது தனித்து நிற்கிறது.

தோல் மூச்சுக்கு மட்டும் என்றால் தவளையோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். சிசிலியனின் தோல் சோறும் போடுகிறது. கென்யாவின் டைட்டா குன்றுகளில் வாழும் ஓர் இனத்தைக் கவனித்தவர்கள், குட்டிகளோடு இருக்கும் தாயின் நிறம் வெளிறுவதையும், மேல்தோல் தடித்துக் கொழுப்பேறுவதையும் கண்டார்கள். குட்டிகள் தாயின்மேல் ஏறி அந்த மேல்தோலைப் பல்லால் உரித்துத் தின்கின்றன. அதற்கென்றே அவற்றுக்குத் தனி வடிவப் பால்பற்கள் உண்டு. வளர்ந்தபின் அவை இருப்பதில்லை. தாய் அசையாமல் படுத்துக் கொடுக்கிறது. உரிந்த இடத்தில் மறுபடி தோல் வளர்கிறது. 2006இல் இந்தச் செய்தி வெளியானபோது நம்பச் சிரமப்பட்டவர்கள் பலர். பிறகு கடலுக்கு அப்பால் பிரேசிலில் சைஃபனாப்ஸ் என்ற பேரினத்திலும் அதே பழக்கம் தெரியவந்தது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒன்றாக இருந்த காலத்துப் பழக்கமாக அது இருக்க வேண்டும்.

அதே பிரேசில் பிராணி 2024இல் இன்னொரு வியப்பைக் கொடுத்தது. சாவோ பாவ்லோவின் புட்டன்டான் நிறுவன ஆய்வாளர்கள், தாயையும் குட்டிகளையும் தொடர்ந்து படம்பிடித்துப் பார்த்தார்கள். குட்டிகள் தாயின் பின்முனைக்கு வந்து, உரசியும் ஒலியெழுப்பியும் கேட்கின்றன; தாய் உடலைத் தூக்கிக்கொடுக்க, கழிவுத்துளை வழியாகக் கொழுப்பு மிகுந்த ஒரு திரவம் சுரக்கிறது. ஒரு நாளில் பல முறை. அதைப் பால் என்றே அவர்கள் எழுதினார்கள். முட்டையிடும் இருவாழ்வி தன் குட்டிக்குப் பால் கொடுப்பது! பாலூட்டி என்ற சொல்லுக்கு நாம் கட்டியிருந்த வேலி சற்றுச் சாய்ந்துதான் போயிருக்கிறது. நம் இக்தியோஃபிஸிடம் இந்த ஆடம்பரம் இல்லை. அது ஈர மண்ணில் குழி பறித்து முட்டையிட்டு, பொரியும்வரை இரை தேடப் போகாமல் முட்டைக் கொத்தைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலங்கையில், பால் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற உறவினர்களான இரண்டு சுவிஸ் இயற்கையியலாளர்கள் இதைக் கண்டு அழகாக வரைந்தும் வைத்தார்கள்.

நஞ்சும் தோலில்தான். சைஃபனாப்ஸில் தலைப்பக்கச் சுரப்பிகள் வழவழப்பான சளியை விடுகின்றன, மண்ணைத் துளைக்க எளிதாக. பின்முனையில் நஞ்சுச் சுரப்பிகள் நெருங்கிக் கிடக்கின்றன. வளைக்குள் துரத்தி வரும் எதிரியின் வாயில் முதலில் அகப்படுவது அந்த முனை. 2020இல் அதன் பல்லடியிலும் சுரப்பிகள் இருப்பதும், அவற்றில் பாம்பு நஞ்சில் காணப்படும் வகை நொதிச் செயல்பாடு இருப்பதும் வெளியானது. அதை வைத்துச் 'கடித்தால் மருந்தில்லை' என்று எழுதுவது, எறும்பு கடித்தவனுக்கு உயில் எழுதுவது போல.

கால் எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் அரிசோனா பதில் வைத்திருக்கிறது. 1993இல் விவரிக்கப்பட்ட இயோசிசிலியா என்ற ஜுராசிக் காலப் புதைபடிவத்தில் நான்கு குட்டிக் கால்கள் இருந்தன. 2023இல் அதே மாநிலத்திலிருந்து இன்னும் பழைய, சுமார் 22 கோடி ஆண்டு முந்தைய எலும்புகள் வந்தன. மண்ணைத் துளைப்பவனுக்குக் கால் இடைஞ்சல், படிப்படியாகக் கழன்றுவிட்டது. அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டத்தில் மழைக்காடு இருந்ததே இல்லை என்று சொன்னால் நெய்வேலி சிரிக்கும். அங்கே தோண்டி எடுத்து மின்சாரமாக எரிக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஈரமும் வெப்பமும் ததும்பிய காடு புதைந்து இறுகியதுதான். புதுச்சேரியிலிருந்து சற்று மேற்கே திருவக்கரையில் அடிமரங்கள் கல்லாகவே கிடக்கின்றன. ஆக, கடலூருக்கும் ஒரு மழைக்காடு உண்டு. சுரங்கத்தின் ஆழத்தில்.

புதுச்சேரி விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதன் நான்கு துண்டுகளில் ஒன்றான மாஹே, கேரளக் கடற்கரையில், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது. மலபாரில் சிசிலியன்களைக் காட்டுக்குள் மட்டும் தேட வேண்டியதில்லை. பாக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, சாணக் குழி ஓரம் என்று வீட்டுப்பக்க ஈர மண்ணிலேயே தோண்டும்போது வெளிவரும். ஆகவே புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் யாருக்காவது சிசிலியன் தேட ஆசை வந்தால், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்கு நோக்கி ரயில் ஏற வேண்டும். மண்வெட்டி இல்லாமல் ஆகாது. வடகிழக்கில் சிக்கிலிடே என்ற புதிய சிசிலியன் குடும்பத்தை இருவாழ்வி ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவின் குழு 2012இல் அறிவித்ததற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் மழையில் நின்று தோண்டிய உழைப்பு இருந்தது. அந்தக் குடும்பத்தின் நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில். கொடிய விஷப்பாம்பு என்று நம்பி வடகிழக்கிலும் ஊரார் அதை அடித்துக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

இங்கே 'இரண்டு தலை' என்ற பெயர் வேறொன்றுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. இருதலை மணியன் என்கிற மண்ணுளிப் பாம்பு. மழுங்கிய வாலை வைத்து இரண்டு தலை என்று கதை கட்டி, லட்சக்கணக்கில் விலைபோகும் என்று ஏமாற்றுகிற கூட்டமும் பிடிபடுகிற செய்தியும் நாளிதழ்களுக்குப் புதிதில்லை. அதன் அறிவியல் பெயரில் இருக்கும் ஜான், தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானிய மதபோதகர். அது உண்மையான பாம்பு, நஞ்சில்லாதது, வறண்ட மண்ணுக்கே பிறந்தது. சிசிலியனுக்கு நேர் எதிர்.

அன்றிரவு தங்கை மகனுக்குச் சுருக்கமாக, "அது கூடலூர், கடலூர் இல்லை. பாம்பும் இல்லை. தூங்கு" என்று மட்டும் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் இன்னொரு படம் வந்தது. "அப்படியானால் மாடியில் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் இது என்ன?" கறுப்பு நூல்கயிறு போல, அரைச் சாண் நீளத்தில் ஒன்று. தோலில் பொடிச் செதில்கள் பளபளத்தன. புழுப் பாம்பு. எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்று வாழ்வது, எல்லாமே பெண், ஆண் துணையின்றியே முட்டையிடும். செதில் மூடிய தோல் ஈரத்தை விட்டுக்கொடுக்காததால் ஒரு தொட்டி மண் கிடைத்தால் போதும். ஒன்றே ஒன்று போய்ச் சேர்ந்தாலும் வம்சம் தழைக்கும். அப்படியே செடித் தொட்டிகளோடு கப்பலேறி உலகின் வெப்ப நாடுகளில் பாதிக்கு மேல் குடியேறிவிட்ட பாம்பு அது. கூடலூர்க்காரனோ மலையிறங்கி இந்தப் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் காலை, தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டதாகத் தங்கை மகன் சொன்னான். அவன் மனைவி மட்டும் அந்தச் செடிக்குத் தூரத்தில் நின்றே தண்ணீர் ஊற்றுகிறாளாம்.